பிறந்தபோதே இருந்த சுவர்

கத்தோலிக்க வீட்டில் பிறக்கும் பிள்ளைக்குப் பாவம் முதலில் ஒரு பட்டியலாகத்தான் அறிமுகமாகிறது. புதுநன்மை வாங்குவதற்கு முன் உபதேசியார் ஆன்ம சோதனை செய்யக் கற்றுத் தருவார். பொய் சொன்னேனா, பெற்றோருக்குக் கீழ்ப்படியாமல் இருந்தேனா, ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிட்டேனா, எத்தனை தரம்? சாவான பாவம், அற்பப் பாவம் என்று இரண்டு வகை. சாவான பாவமாக வேண்டுமென்றால் மூன்று நிபந்தனைகள் கூட வேண்டும்: காரியம் கனமானதாக இருக்க வேண்டும், கனமானது என்று தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தே முழு மனதோடு செய்திருக்க வேண்டும். தெரியாமல் செய்தவனையும் பயந்து செய்தவனையும் முழுக் குற்றவாளியாக்காத இந்த நியாய உணர்வை இன்றும் மதிக்கிறேன்.

உபதேசியார் வைத்திருந்த அதே குறிப்பிடத்தில், அதாவது ஞானோபதேசப் புத்தகத்தில், இந்தப் பட்டியலுக்குள் அடங்காத ஒன்றும் இருந்தது: ஆதாமிடமிருந்து பிறப்போடு வருவதாகச் சொல்லப்படும் சென்மப் பாவம். அதை நான் செய்யவில்லை. அது நடந்தது எனக்குத் தெரியாது. அதற்கு நான் சம்மதிக்கவும் இல்லை. மூன்று நிபந்தனைகளில் ஒன்றுகூடப் பொருந்தாததைப் பாவம் என்று எப்படிச் சொல்ல முடியும்? சிறு வயதில் எழுந்த இந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவே இல்லை. கிறிஸ்தவர்களும் இதற்கு ஒரே பதிலை எந்தக் காலத்திலும் சொன்னதில்லை.

ஐந்தாம் நூற்றாண்டில் இதே கேள்விதான் மேற்குத் திருச்சபையை உலுக்கியது. பிரிட்டனிலிருந்து ரோமுக்கு வந்து தங்கியிருந்த பெலாஜியுஸ் ஒழுக்கத்தில் கண்டிப்பானவர். கட்டளையையும் நீரே கொடும், அதை நிறைவேற்றும் வல்லமையையும் நீரே தாரும் என்ற பொருளில் ஆயர் அகுஸ்தினார் தம் சுயசரிதையில் வேண்டியிருந்தது அவருக்குக் கோபமூட்டியது. இப்படிச் சொன்னால் மனிதன் எதற்கு முயல்வான்? முடியாததைக் கடவுள் கட்டளையிடமாட்டார் என்றார் பெலாஜியுஸ். ஆதாம் நமக்கு விட்டுச் சென்றது ஒரு கெட்ட முன்மாதிரி மட்டுமே. ஒவ்வொரு குழந்தையும் புதிதாகத்தான் பிறக்கிறது. அகுஸ்தினாருக்கோ மனித மனத்தின் விருப்பமே பழுதுபட்டிருந்தது. பதினாறு வயதில் பசியில்லாமலேயே பக்கத்துத் தோட்டத்துப் பேரிக்காய்களைத் திருடிப் பன்றிகளுக்கு வீசியதை அவர் பக்கம் பக்கமாக ஆராய்கிறார். அன்று தமக்கு ருசித்தது பழமல்ல, தவறு செய்வதே ருசித்தது என்று கண்டு நடுங்குகிறார். 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் பெலாஜியுஸின் போதனையைக் கண்டித்தார்கள்.

இளமையில் என் மனம் பெலாஜியுஸ் பக்கமே இருந்தது. உன்னால் முடியும் என்று சொல்பவரை எந்த இளைஞருக்குத்தான் பிடிக்காது? ஆனால் எங்கள் உறவில் ஒருவர் இருந்தார். ஒவ்வொரு செப்டம்பரிலும் வேளாங்கண்ணிக்குப் போய்க் குடிக்கமாட்டேன் என்று மாதா முன்னால் சத்தியம் செய்வார், மனதார அழுவார், கிறிஸ்துமஸுக்கு முந்திய அட்வென்ட் காலம் வருவதற்குள் மறுபடியும் குடிப்பார். முடியும் என்று அவரிடம் சொல்லச் சொல்ல அவர் இன்னும் கூனிக் குறுகினார். முடியும் என்பது நல்ல செய்தியாகத் தோன்றினாலும், முடியாமல் போனவனுக்கு அதைவிடக் கொடிய தீர்ப்பு வேறில்லை. அந்த மனிதரைப் பெலாஜியுஸைவிட அகுஸ்தினார்தான் புரிந்துகொண்டிருப்பார். விரும்பியும் விடமுடியாமல் இருப்பது என்னவென்று அவருக்குத் தெரியும்.

அந்தப் புரிதலுக்கு அகுஸ்தினார் கொடுத்த விலையைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பழுது மட்டுமல்ல, குற்றமும் பிறப்போடு வருகிறது என்றார். அப்படியானால் ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தை? அதற்கும் தண்டனை உண்டு, எல்லாவற்றிலும் மிக லேசான தண்டனை என்றார். பச்சைக் குழந்தைகளைத் தண்டிக்கிற கடவுளை நீதியுள்ளவர் என்பதா என்று அவரை எதிர்த்து எழுதியவர் இத்தாலிய ஆயரான ஜூலியன். அந்தக் கேள்விக்கு நல்ல பதில் வரவில்லை. பின்னாளில் இறையியலாளர்கள் வேதனையும் இல்லாத மோட்சமும் இல்லாத லிம்போ என்ற இடத்தை யோசித்து அந்தக் குழந்தைகளை அங்கே வைத்தார்கள்.

என் ஆச்சியின் தலைச்சன் பிள்ளை பிறந்த இரவே இறந்துபோனது. சாமியார் வந்து சேரவில்லை, பக்கத்திலிருந்தவர்கள் பதற்றத்தில் தண்ணீர் ஊற்றவும் இல்லை. 1917இன் திருச்சபைச் சட்டப்படி ஞானஸ்நானம் பெறாதவருக்கு மந்திரித்த நிலத்தில் இடமில்லை. வேலிக்கு வெளியே புதைத்தார்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் ஆச்சி எல்லாக் கல்லறைகளிலும் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டிப் போவார். யாரும் தடுத்ததில்லை. 1983இன் புதிய சட்டம் ஞானஸ்நானம் தர நினைத்திருந்த பெற்றோரின் பிள்ளைக்கு ஆயர் அனுமதியோடு அடக்கச் சடங்கு உண்டு என்றது. அந்தக் குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்பக் காரணங்கள் உள்ளன என்று 2007இல் வத்திக்கானின் இறையியல் ஆணைக்குழு எழுதியது. ஆச்சி இவை எதற்கும் காத்திருக்கவில்லை.

கீழைத் திருச்சபைகள் இந்த இக்கட்டில் இவ்வளவு ஆழமாகச் சிக்கவில்லை என்பதைப் பின்னால்தான் படித்தேன். அந்தியோக்கியாவில் பிரசங்கித்த கிறிஸோஸ்தோம், குழந்தைகளிடம் பாவமில்லை, இருந்தும் அவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறோம் என்றார். அது கழுவுவதற்கு மட்டுமல்ல, பிள்ளையாக்குவதற்கும் வாரிசாக்குவதற்கும் கொடுப்பது. ஆதாமிடமிருந்து நமக்கு வந்தது சாவும் பலவீனமும், குற்றம் வரவில்லை என்பதே கிழக்கின் பொதுவான போக்கு. 692இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சங்கத்தின் 102ஆம் விதி, பாவசங்கீர்த்தனம் கேட்பவர் வைத்தியரைப்போல நோயையும் நோயாளியின் தாங்கும் சக்தியையும் பார்த்து மருந்து தர வேண்டும் என்கிறது. நோயோடு பிறந்த குழந்தையை யாரும் குற்றவாளி என்பதில்லை, நோயே இல்லை என்றும் சொல்வதில்லை. அந்த உறவினரையும் ஆச்சியின் பிள்ளையையும் ஒரே இடத்தில் வைத்து யோசிக்க எனக்கு வழி கிடைத்தது இங்கேதான்.

புராட்டஸ்டன்ட் மரபிலும் ஒரே குரல் இல்லை. மடத்தில் மணிக்கணக்காகப் பாவசங்கீர்த்தனம் செய்தும் அமைதி காணாத லூத்தர், மனிதன் தனக்குள்ளேயே வளைந்து கிடப்பதுதான் வேர் என்றார். அவன் செய்யும் நன்மைகூட அந்த வளைவிலிருந்து தப்புவதில்லை. ஞானஸ்நானத்துக்குப் பிறகும் மிஞ்சியிருக்கும் இச்சையையே அவர் பாவம் என்றார். அது பாவத்தை நோக்கிய சாய்வு, அதற்கு இணங்கினால்தான் பாவம் என்று 1546இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரிதெந்து சங்கம் பதில் சொன்னது. மெதடிஸ்ட் மரபின் வெஸ்லியோ, அறிந்த சட்டத்தை மனதறிந்து மீறுவதே சரியான அர்த்தத்தில் பாவம் என்றார். இந்த விவாதங்களின் நுட்பத்தை ரசிக்கிறேன். ஆனால் எல்லாரும் தனி ஒரு ஆத்துமாவையே நடுவில் நிறுத்திப் பேசுகிறார்கள் என்பது எனக்குப் பெரிய குறை.

இந்தக் குறையைக் காட்டத் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தை எடுத்துக்கொள்கிறேன். 1870களில் அங்கே எழுந்த திருக்குடும்ப ஆலயம் இரண்டு கைகளாகப் பிரிந்து பீடத்தில் மட்டும் சேரும் வடிவத்தில் கட்டப்பட்டது. வேளாளர் ஒரு பக்கம், நாடார் மறுபக்கம், நடுவில் தடுப்பு. 1910இல் தடுப்பை இடித்தபோது அது தங்கள் உரிமை என்று வேளாளர் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை போன அந்த வழக்கு தோற்றது. 1880இல் அந்த ஊரில் பிறந்த ஒரு வேளாளக் குழந்தையை நினைத்துப் பார்க்கிறேன். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அது ஒரு பக்கம் முழந்தாளிட்டது. சுவரை அது கட்டவில்லை. அது தவறு என்று யாரும் சொல்லித் தரவில்லை. குறிப்பிடத்தின் நிபந்தனைகளை வைத்துப் பார்த்தால் அதன் மீது பாவமே இல்லை. ஆனால் முப்பது வயதில் அதே ஆள் சுவருக்காகக் கோர்ட் படி ஏறுகிறார். எந்த வருடத்தில், எந்த ஞாயிற்றுக்கிழமையில் அது அவருடைய பாவமானது?

சொல்ல முடியாது. பிறக்கும் முன்பே நம்மைப் பிடித்திருக்கும் ஒன்று உண்டு என்று அகுஸ்தினார் சொன்னதை நம்ப எனக்கு ஏதேன் தோட்டம் வரை போக வேண்டியதில்லை, திருநெல்வேலிச் சீமையே போதும்.

இங்கே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சாதி பாவமா, வெறும் உலக வழக்கமா என்பதே நம் திருச்சபைகளில் நெடுங்காலச் சண்டை. பூணூலும் குடுமியும் உலக வழக்கங்கள், மூடநம்பிக்கை கலவாமல் வைத்துக்கொள்ளலாம் என்று இயேசு சபைக் குரு தெ நோபிலியின் காலத்தில், 1623இல், திருத்தந்தை அனுமதித்தார். தஞ்சைப் பகுதி லூத்தரன் சபைகளில் தனித்தனி இருக்கைகளை மிஷனரிகள் பொறுத்துக்கொண்டார்கள். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்று கடிதம் எழுதியபோது பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். இருக்கை வேற்றுமையை ஆதரித்து எழுதியவர்களில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். அவரது பாடல்களை நேசிக்கும் எனக்கு இது வலிக்கிறது. வழக்கம் என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் அது ஆன்ம சோதனைக்குள் வருவதே இல்லை. மனம் அறிந்து மீறுவதுதான் பாவம் என்றால், அறியாமலே இருந்துவிடுவது எத்தனை வசதி!

1968இல் மெதெயீனில் கூடிய இலத்தீன் அமெரிக்க ஆயர்கள் அநீதியான அமைப்புகளையே பாவநிலை என்று பேசினார்கள். 1980களில் இந்தியாவில் தலித் இறையியல் எழுந்தது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பறட்டை அண்ணன் என்று அழைக்கப்பட்ட தியோபிலஸ் அப்பாவு வழிபாட்டையே நாட்டுப்புற இசையில் மறுபடியும் எழுதினார். சமூகப் பாவம் என்பது பலரின் தனிப்பட்ட பாவங்கள் சேர்ந்து இறுகியதே, பாவம் செய்வது அமைப்பல்ல, ஆட்கள்தான் என்று 1984இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் எச்சரித்தார். எச்சரிக்கை நியாயமானது. அமைப்பு முழந்தாளிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்யாது. ஆனால் வந்து முழந்தாளிடும் ஆளும் அமைப்பைப் பற்றி வாய் திறப்பதில்லையே. பரம்பரையாக வந்த நோய்க்கு நான் குற்றவாளியல்ல. அது என் உடம்பில் இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து மருந்து சாப்பிடாமல் இருப்பதற்கு மட்டும் நான் பொறுப்பு. கிழக்கும் மேற்கும் எனக்குள் இப்படித்தான் சந்திக்கின்றன. நற்செய்தியில் வரும் வரிவசூலிப்பவரான சக்கேயு அந்த முறையைத் தொடங்கி வைத்தவரல்ல. ஆனால் ஏமாற்றி வாங்கியிருந்தால் நாலு மடங்கு திருப்பித் தருவேன் என்று எழுந்து நின்று சொன்னார், சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும் சொன்னார்.

தம்பி மகளுக்கு இப்போது வரன் பார்க்கிறார்கள். திருமண விளம்பரத்தில் ஆர்.சி. என்பதற்குப் பக்கத்தில் சாதிப் பெயர், அதற்குக் கீழே ‘அதே பிரிவில் மட்டும்’ என்ற வரி. இதைப் பார்த்தும் பேசாமல் இருந்ததைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். “அது குடும்ப வழக்கம்தானம்மா, வேற ஏதாவது பாவம் உண்டா?” என்று கேட்டார் சாமியார். “இல்ல சாமி, இதுதான்” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தம்பியிடம் பேசுவதையே பரிகாரமாகத் தந்தார். அந்த வரியை எடுத்துவிடச் சொல்லித் தம்பியிடம் பேசியிருக்கிறேன். “பொண்ணு வாழ்க்கைக்கா, யோசிச்சுச் சொல்லுறேன்” என்றிருக்கிறான். நாளை மகளையே நேரில் கேட்கப் போகிறேன்.