ஈகையா, ஒப்புரவா?

ஒழுகும் கூரையைச் செப்பனிட ஏழைக்கு அரசு பொருளுதவி செய்வது ஈகையா, கடமையா? ஒப்புரவறிதலையும் ஈகையையும் வள்ளுவர் அடுத்தடுத்த அதிகாரங்களாக வைத்தார், ஆனால் ஒன்றாக்கவில்லை. இல்லாதவர்க்கு இரங்கி அளிப்பது ஈகை. உடன் வாழ்வோர்க்கு ஊர் ஆற்ற வேண்டிய கடன் ஒப்புரவு.

மலேசியாவில் புறநகர் வறியோர்க்கு வீடு கட்டித் தரவும், பழுது பார்த்துத் தரவும் பி.பி.ஆர்.டி. என்னும் அரசுத் திட்டம் உண்டு. சொந்த மனையில் வாழ்வோர்க்கு அது நல்ல துணை. 1929இல் போ தேயிலைத் தோட்டம் தோன்றிய கேமரன் மலையில், கொழுந்து பறித்த தமிழர் வாழ்ந்த லயத்து வீடுகளோ நிறுவனத்தின் உடைமை. பொதுப்பணத்தால் நிறுவனச் சொத்தைச் செப்பனிடலாமா என்று சிலர் வினவலாம். வினா முறையானதே. அவ்வீடுகளைப் பழுதின்றிப் பேணும் பொறுப்பை 1990ஆம் ஆண்டுச் சட்டம் முதலாளியின் மீதே வைத்துள்ளது.

ஆயினும், அப்பொறுப்பு வேலை உள்ளவரைதான். வேலை முடிந்தால் வீட்டின் மீதுள்ள உரிமையும் முடிகிறது. பனியிலும் மழையிலும் நாற்பதாண்டு உழைத்தவர், பிள்ளைகளும் தோட்டத்தை விட்டுச் சென்றிருப்பின், முதுமையில் செப்பனிடுவதற்கும் ஒரு கூரையின்றி நிற்க நேர்கிறது. உதவிக்குத் தகுதி நிலப்பட்டா ஒன்றுதானா? வாழ்நாள் உழைப்பு தகுதியாகாதா?

கூரையைச் செப்பனிட உதவுவது நன்று. அதற்கு முன், செப்பனிடத் தமக்கென ஒரு வீடு அவர்க்கு அமையச் செய்வதே ஒப்புரவு. அதனை ஈகை என்போர், மலையைப் பசுமையாக்கிய கைகளை ஏந்தும் கைகளாக்கி விடுகின்றனர்.