உருவமும் உயிரும்

கொல்லிமலையில் நாடு என்றே பெயர் வழங்கும் ஊராட்சிகளுள் ஆலத்தூர் நாடும் ஒன்று. அம்மலைக்குத் தலைவனாயிருந்த வல்வில் ஓரி எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் துளைத்துச் சென்றதாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். அவற்றுள் யானையும் புலியும் இன்று அம்மலையில் இல்லை. பாட்டில் மாத்திரமே இருக்கின்றன. ஜீவன் நீங்கிய பின்னும் ரூபத்தைப் போற்றுகிற மனம் கருணையால் போற்றுகிறதா, உடைமை ஆசையால் போற்றுகிறதா என்னும் கேள்வி, மிருகங்களின் சிற்றுருவங்களைத் தேடிச் சேர்க்கும் ரசிகர்களைக் குறித்து எண்ணும்போதெல்லாம் எனக்கு எழுவதுண்டு.

அத்தகைய சிற்றுருவங்களுள் தலைசிறந்தவை ஜப்பானியரின் நெட்சுகே. கிமோனோ உடையில் பை இல்லாமையால், மருந்துச் சிமிழையும் புகையிலைப் பையையும் கயிற்றில் கோத்து இடைக்கச்சையிலிருந்து தொங்கவிட்டவர்கள், கயிறு நழுவாதபடி மேல்நுனியில் கட்டிய குமிழே நாளடைவில் உறங்கும் எலியாகவும், படுத்த எருதாகவும், குட்டியை அணைத்த குரங்காகவும் உருப்பெற்றது. எருது செதுக்குவதில் கியோட்டோ நகரத்துத் தொமோதாதா பெற்றிருந்த கீர்த்தியை 1781-இல் வெளிவந்த ஒரு நூலே குறித்திருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் அவ்வுருவத்தில் ஆடையில் சிக்கும் கூர்முனை இராது. உடையவனுடைய விரல்கள் பல ஆண்டுகள் தடவித் தடவி ஏற்றிய மெருகும் சிற்பியின் வேலையோடு சேர்த்தே மதிக்கப்படும். மேனாட்டு உடை பரவியபின் அதன் உபயோகம் போயிற்றெனினும் கலை போகவில்லை. தற்காலச் சிற்பிகளின் படைப்புகளுக்கென்றே கியோட்டோவில் 2007-இல் ஒரு காட்சிசாலை திறக்கப்பட்டது.

சேர்த்து வைத்தலே பற்று, பற்றே பந்தம் என்று நம் சமயங்கள் கூறும். சமணர் பொருள் சேர்க்காமையாகிய அபரிக்கிரகத்தை விரதமாகவே கொண்டனர். ஆயினும், மாடு நோயுற்றால் மண்ணால் மாடு செய்து கோயிலில் வைக்கிற நம் குடியானவனை நினைத்துப் பாருங்கள். அவ்வுருவத்தை அவன் வீட்டுக்கு எடுத்து வருவதில்லை; அது மழையில் கரைந்தாலும் வருந்துவதில்லை; ஏனெனில் அவன் அன்பு மண்ணுருவத்தைக் கடந்து தொழுவத்தில் நிற்கும் உயிருள்ள மாட்டைச் சென்று சேர்கிறது. உருவத்தின்மேல் வைத்த பிரியம் உயிரை எட்டுகிறதா என்பதே இதில் உரைகல் என்று கருதுகிறேன். எட்டுமாயின், பெட்டியில் நூறு பொம்மைகள் இருந்தாலும் அது பந்தமன்று.

இந்த உரைகல்லில் தந்தம் தேறாது. யானையைக் கொன்று எடுத்த கோட்டில் யானைக்கன்றைச் செதுக்கி, அதன் அழகில் உருகுவது எவ்வளவு கொடிய முரண்! பழைய நெட்சுகேகளில் பல தந்தத்தாலானவை என்பது உண்மையே. அவற்றின் சிற்பத்திறனையும் நான் மறுக்கவில்லை. ஆனால் நம் நாட்டில் இந்திய யானைத் தந்த வியாபாரம் 1986-இலும் ஆப்பிரிக்கத் தந்த வியாபாரம் 1991-இலும் சட்டத்தால் தடுக்கப்பட்டன. சட்டம் வருவதற்கு முன்னரே தர்மம் அதைத் தடுத்திருக்க வேண்டும். மரத்திலும் மான் உதிர்த்த கொம்பிலும் இதே நுட்பத்தைச் சாதிக்கும் சிற்பிகள் இருக்கையில் தந்தத்தை நாடுவானேன்?

கொல்லிமலைக்குக் கீழே தம்மம்பட்டியில் வாகை முதலிய மரங்களில் தெய்வ உருவங்களையும் வாகனங்களையும் செதுக்கும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. சிற்றுருவங்களில் பிரியமுள்ளவர்கள் அவர்களிடம் உள்ளங்கையளவில் ஒரு யானை செய்து தரச் சொல்லி, அதற்குரிய முழுக் கூலியையும் கொடுங்கள். வாங்கியதைக் கண்ணாடிப் பேழையில் பூட்டாமல் குழந்தைகளின் கையில் கொடுங்கள்.