வரிசையின் கடைசியில் நிற்பவர்



பாடசாலை விடுமுறை நெருங்கினால் முன்பெல்லாம் நம் வீடுகளிலே பேச்சு மடுவைப் பற்றியோ தலவிலையைப் பற்றியோதான் இருக்கும். கூடாரம் அடித்து, விறகு பொறுக்கி, ஒரு வாளித் தண்ணீருக்கு வரிசையில் நின்று, குடும்பம் முழுவதும் ஒரே பாயில் படுத்தெழும்பிய நாட்கள் அவை. இன்று கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் சில வீடுகளிலே பிள்ளைகள் கேட்கும் கேள்வி வேறு. "பாரிசிலே சித்தி வீட்டுக்குப் போனால் டிஸ்னிலாண்டுக்குக் கூட்டிக்கொண்டு போவீர்களா, அப்பா?"

வழி இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். பிள்ளைகள் சிரிப்பதைக் கண்டு முகஞ்சுளிக்கும் இறைவனை நாம் வழிபடவில்லை. கானாவூரிலே கலியாண வீட்டுச் சந்தோஷம் குறைந்துவிடக் கூடாதென்று தண்ணீரை இரசமாக்கியவர் நம் ஆண்டவர். ஆனால் போவதற்கு முன் ஒரு காரியத்தைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன்.

இந்தப் பூங்காக்கள் பிறந்த கதை அழகானது. வால்ட் டிஸ்னிக்கு இரண்டு பெண்பிள்ளைகள். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து கிரிபித் பூங்காவிலே அவர்கள் மரக்குதிரை இராட்டினத்தில் சுற்ற, அவர் வாங்கிலே தனியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாராம். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தே மகிழத்தக்க ஓர் இடம் ஏன் இருக்கக் கூடாது என்ற எண்ணம் அங்கேதான் உதித்ததென்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 1955 யூலை 17ஆம் திகதி கலிபோர்னியாவிலே முதற் பூங்கா திறக்கப்பட்டது. 1971இல் புளோரிடாவிலே, விடுதிகளும் ஏரிகளுமாக, ஒரு நகரமே எழுந்தது. பாரிசுக்குக் கிழக்கே ஏறத்தாழ 32 கிலோமீற்றர் தூரத்தில் உள்ள பூங்கா 1992 ஏப்ரல் 12ஆம் திகதி திறந்தது. அந்த நாள் குருத்து ஞாயிறு என்பதைத் திருவழிபாட்டு நாட்காட்டியைப் புரட்டுகிறவர்கள் கண்டுகொள்வார்கள். திறந்தவர்களுக்கு அது நினைவில் இருந்ததோ என்னவோ!

வாங்கிலே சும்மா உட்கார்ந்திருந்த ஒரு தகப்பனின் ஏக்கம்தான் இவ்வளவுக்கும் விதை என்பதை மனதிலே வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அங்கே போய்வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். முதலில் சொல்வது வரிசையைப் பற்றியதாகவே இருக்கும். ஒரு மணி நேரம், கூட்டம் மிகுந்த நாளென்றால் அதற்கு மேலும் கால் கடுக்க நின்று, மூன்று நான்கு நிமிடச் சவாரி. சின்னவர்களுக்கு இன்னொரு சோதனை. வாசலிலே அளவுகோல் நிற்கும். பிக் தண்டர் மவுண்டன் என்ற சுரங்க ரெயிலில் ஏற 102 சென்ரிமீற்றர் உயரம் வேண்டும். இருளிலே பாயும் ஹைப்பர்ஸ்பேஸ் மவுண்டனுக்கு 120. ஒரு விரற்கடை குறைந்தாலும் பிள்ளை அழுதுகொண்டு திரும்ப வேண்டியதுதான். (நம்முடைய சக்கேயு அங்கே போயிருந்தால் அவர் பாடும் சற்றுச் சந்தேகந்தான்.)

வரிசையின் பக்கத்திலே வேறொரு வாசலும் உண்டு. 1999 முதல் பாஸ்ட்பாஸ் என்ற பெயரில் ஒரு முறை இருந்தது. சீட்டு எடுத்துக்கொண்டு குறித்த நேரத்திற்கு வந்தால் நீண்ட வரிசையில் நிற்க வேண்டியதில்லை. அதற்குக் காசு வாங்கவில்லை. முந்தி வந்து எடுத்தவருக்குக் கிடைத்தது. 2021இல் அமெரிக்காவிலும் பாரிசிலும் அந்த முறையை விட்டு, பணம் கட்டியவருக்கு விரைவு வாசல் என்று ஆக்கினார்கள். நுழைவுச் சீட்டுக்குக் கொடுத்தது போதாது. மேலும் கொடுத்தால் மற்றவர்களைக் கடந்து போகலாம். வெயிலில் நிற்கும் பிள்ளையின் கண்முன்னாலேயே இன்னொரு பிள்ளை சிரித்துக்கொண்டு உள்ளே போகும். "அவங்க மட்டும் ஏன் அப்பா முதல்ல போறாங்க?" என்று உங்கள் மகன் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

வியாபாரம் அது, அவர்கள் விருப்பம் என்று சொல்லிவிடலாம். ஆனால் வரிசை என்றால் என்னவென்று நமக்கு யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. 2022இலே மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் இரவு பகலாக வீதியில் நின்றவர்கள் நாம். வரிசையிலேயே முதியவர்கள் சிலர் சுருண்டு விழுந்து இறந்த செய்திகளை வாசித்தவர்கள் நாம். அந்த நாட்களில் யாராவது பின்வாசலால் சிலிண்டரைக் கொண்டுபோனால் நம் வயிறு எப்படி எரிந்தது!

அருளப்பர் நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்திலும் ஒரு வரிசை உண்டு. எருசலேமிலே ஐந்து மண்டபங்கள் சூழ்ந்த குளம். தண்ணீர் கலங்கும்போது முதலில் இறங்குகிறவன் குணமடைவான் என்பது அங்கு கிடந்தவர்களின் நம்பிக்கை. முப்பத்தெட்டு வருடம் நோயுற்றிருந்த ஒருவன் அங்கே கிடக்கிறான். தூக்கிவிட ஆளில்லை. அவன் அசைவதற்குள் வேறொருவன் இறங்கிவிடுகிறான். இயேசு அந்த மண்டபத்துக்குள் வந்து, முன்னுக்கு நின்றவர்களையெல்லாம் கடந்து, நேரே அவனிடம் போகிறார். குளத்திலே அவனை இறக்கவுமில்லை; வரிசையின் கடைசிக்குத் தாமே வந்துவிட்டார்.

பொரளையிலே லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குப் பிள்ளையைக் கொண்டுபோன தாய்மாருக்கு இது விளங்கும். உங்கள் பிள்ளைக்குச் சாதாரணக் காய்ச்சல். முன்னதாகவே வந்து காத்திருக்கிறீர்கள். மூச்சுத் திணறும் பிள்ளையொன்றைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி ஓடிவருகிறாள். அந்தப் பிள்ளையைத்தான் முதலில் உள்ளே எடுப்பார்கள். நீங்கள் கோபிக்கமாட்டீர்கள், வழிவிட்டு ஒதுங்குவீர்கள். பாரிஸ் பூங்காவிலும் ஊனமுற்றோருக்கென்று முன்னுரிமை அட்டை கொடுத்துத் தனி வழியால் அழைத்துப் போகிறார்கள். நியாயம் அது. பலவீனனுக்காக வரிசை விலகலாம். பணக்காரனுக்காக விலகும்போதுதான் இயாகப்பர் தம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கண்டித்தது நினைவுக்கு வருகிறது. பொன் மோதிரக்காரனுக்கு நல்ல ஆசனம், கந்தைக்காரனுக்குக் கால்மாட்டிலே இடம். அவர் கண்டித்தது சந்தையையல்ல, கிறிஸ்தவர்களின் சபையை! நம் கோவில் திருவிழாக்களிலே முன்வரிசைக் கதிரைகளில் யாருடைய பெயர் ஒட்டப்பட்டிருக்கிறது என்பதையும் இந்த இடத்தில் எண்ணிப் பார்க்கலாம்.

ஆகையால் பெற்றோரே, உடல் நலம் இடங்கொடுத்தால் அந்த விரைவுச் சீட்டை வாங்காதீர்கள் என்பதே என் எண்ணம். வரிசையிலே நில்லுங்கள். காலையிலே அலுவலகத்துக்கு ஓடி, மாலையிலே கொழும்பு வாகன நெரிசலில் கிடந்து, இரவிலே கைத்தொலைபேசியோடு உட்காரும் தகப்பனுக்குப் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் வேறு வேலையின்றி நிற்க எப்போது வாய்க்கிறது? வால்ட் டிஸ்னி ஏங்கியது அதற்குத்தானே! உங்கள் தகப்பனார் மடுவுக்கு நடந்த கதையைச் சொல்லுங்கள். 1990இல் வீடுவாசலை விட்டு மடுக் கோவிலிலே தஞ்சம் புகுந்தவர் உங்கள் குடும்பத்தில் யாராவது இருந்தால் அந்தக் கதையையும் சொல்லுங்கள். பிள்ளை கேட்கும். வரிசையிலே அதற்கும் வேறு வேலையில்லை.

இனி உங்கள் சொந்த வீட்டு வரிசை. அதிலே கடைசியில் நிற்பவர் யார்? உயரம் போதாத கடைக்குட்டியாக இருக்கலாம். பல சவாரிகளிலே தாயும் தகப்பனும் மாறிமாறி ஏற இடங்கொடுக்கிறார்கள். ஒருவர் பிள்ளையோடு வெளியில் நிற்க, மற்றவர் போய்வந்தபின் அவர் நீண்ட வரிசையில் நிற்காமல் ஏறலாம். அப்படியிருந்தும் பை சுமந்துகொண்டு கடைசிவரை வெளியில் நிற்பது பெரும்பாலும் அம்மாதான். உபாகமத்திலே ஓய்வுநாளைப் பற்றிய கட்டளையை எடுத்துப் பாருங்கள். மகனும் மகளும் மட்டுமல்ல, வேலைக்காரரும் அந்நியரும் மாடுங்கூட ஓய்வெடுக்க வேண்டுமென்கிறது. அடுப்படியிலிருந்து அம்மாவுக்கு விடுதலை கிடைக்காத விடுமுறை யாருக்கு விடுமுறை?

கடன்பட்டுப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடகுக் கடையில் வைத்த தாலிக்கொடி வட்டியிலே மூழ்கிப்போனால், ஐந்து நாள் சிரிப்புக்கு ஐந்து வருடம் வீட்டில் சண்டை நடக்கும். அந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டு வளரப்போவதும் அதே பிள்ளைகள்தான். கையில் இருப்பது போதாதென்றால் போகாதீர்கள்.

போகிற இடத்தில் ஞாயிறு வந்தால்? புளோரிடாவிலே பயணிகளுக்காகக் குருக்கள் 1970களில் விடுதி மண்டபங்களில் திருப்பலி நிறைவேற்றத் தொடங்கினார்கள். பின்பு ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் அமரத்தக்க கோவில் கட்டி, 1993இல் அகிலத்தின் அரசியாம் மரியன்னைக்கு அர்ப்பணித்தார்கள். 2009இல் அது பசிலிக்காவாயிற்று. அங்கே முழந்தாளிடும் பெருங்கூட்டம் எங்கெங்கிருந்தோ வந்த வழிப்போக்கர். பாரிசுக்குப் போகிறவர்கள் பூங்காவுக்குச் செல்லும் அதே ரெயிலில், கடைசி நிலையத்துக்கு இரண்டு நிலையம் முன்னதாக, புசி-சேன்-ஜோர்ஜில் இறங்கினால் நோத்ர் டாம் து வால் கோவில் இருக்கிறது. திருப்பலி நேரத்தைப் புறப்படுமுன்பே சித்தியிடம் கேட்டு வையுங்கள்.

அப்படியே கொட்டாஞ்சேனை வீட்டிலே தனியே விட்டுப்போகும் அப்பம்மாவை யார் பார்ப்பது என்பதையும் பேசி முடியுங்கள். திரும்பி வந்ததும் தலவிலைத் திருவிழாவுக்கு அவவையும் கூட்டிக்கொண்டு ஒரு வானிலே போய், இரண்டு நாள் தங்கி வாருங்கள். பூங்காவிலே எடுத்த படங்களை அங்கே இருந்து அவவுக்குக் காட்டலாம்.