வட்டக் கரைக்குள் ஒரு தேவாலயம்

இங்கிலாந்தின் டோர்செட் பகுதியில், நோல்டன் என்ற இடத்தில், கூரையிழந்த கல் தேவாலயம் ஒன்று வட்டமான மண்கரையின் நடுவே நிற்கிறது. தேவாலயம் கி.பி. 12ஆம் நூற்றாண்டில் நார்மானியர் காலத்தில் எழுந்தது. கரையோ கி.மு. 2500ஐ ஒட்டி, இரும்பை அறியாத மக்கள் வெட்டிக் குவித்தது. அகழி கரைக்கு உட்புறம் இருக்கிறது. காவலுக்கான அகழி வெளியே அல்லவா இருக்கும்? ஆகவே இது சடங்குக்காகக் கூடிய களம் என்பது தொல்லியலாளர் கருத்து. இதைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரே முடிவுக்கு வருகிறார்கள்: இந்த மண்ணிலேயே புனிதம் ஊறிக்கிடக்கிறது, மதங்கள் மாறினாலும் அது மாறவில்லை, கிறித்தவர்களும் அதற்கு இணங்கியே இங்கே பீடம் வைத்தார்கள். மனதுக்கு இதமான எண்ணம்தான். ஆனால் நோல்டன் தரும் சான்று வேறு திசையைக் காட்டுகிறது. புனிதம் ஓர் இடத்தில் நிலைப்பது அதைப் பேணும் மக்கள் இருக்கும்வரைதான் என்றே நான் கருதுகிறேன்.

முதலில் காலத்தைப் பார்ப்போம். கரைக்கும் தேவாலயத்துக்கும் இடையே மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருக்கின்றன. இடையில் ரோமானியர் வந்து போனார்கள், சாக்சன்கள் வந்து குடியேறினார்கள். கரையை எழுப்பியவர்கள் யாரை வணங்கினார்கள், எப்படி அழைத்தார்கள் என்பதற்கு ஒரு சொல்கூட மிஞ்சவில்லை. இத்தனை நீண்ட இடைவெளியைத் தொடர்ச்சி என்று சொல்வது நம் ஆசையே. கி.பி. 601இல் திருத்தந்தை பெரிய கிரகோரியார் மறைப்பணியாளர் மெல்லிட்டசுக்கு எழுதிய கடிதத்தை எடுத்துக்காட்டி இதை மறுப்பவர்கள் உண்டு. ஆங்கிலேயரின் பழைய கோயில்களை இடிக்க வேண்டாம், சிலைகளை அகற்றித் தீர்த்தம் தெளித்துப் பீடம் அமையுங்கள் என்கிறது அக்கடிதம். ஆனால் அது பேசுவது அன்றைக்கு வழிபாடு நடந்துகொண்டிருந்த கோயில்களைப் பற்றி. மக்கள் பழகிய இடத்துக்கே மனமுவந்து வருவார்கள் என்பதுதான் அவர் சொன்ன காரணமும். அவர் மதித்தது மக்களின் பழக்கத்தை. மண்ணுக்கு அவர் எந்த ஆற்றலும் ஏற்றவில்லை.

அப்படியானால் வேறெங்கும் கட்டாமல் இங்கே ஏன் கட்டினார்கள்? நியாயமான கேள்வி. நோல்டன் என்ற பெயரிலேயே சுற்றுவட்டாரத்துக்கான ஆட்சிப் பிரிவு ஒன்று இருந்தது. அத்தகைய பிரிவுகளின் மக்கள் வழக்குக்கும் ஆலோசனைக்கும் ஓரிடத்தில் கூடுவது வழக்கம். தொலைவிலிருந்தே தெரியும் கரையும் அருகிலுள்ள பெரும் புதைமேடும் அதற்குப் பொருத்தமான அடையாளங்கள். பழைமையின் முன் எழும் மலைப்பும் அவர்களுக்கு இருந்திருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மலைப்பு என்ன செய்யச் சொல்லும் என்பது நிச்சயமில்லை. இங்கிலாந்திலேயே ஏவ்பரி என்ற ஊரில் இதைப் போன்ற, இதைவிடப் பெரிய வட்டம் இருக்கிறது. அங்கே தேவாலயம் கரைக்கு வெளியே நிற்கிறது. இடைக்காலக் கிறித்தவர்கள் அங்குள்ள நெடுங்கற்கள் பலவற்றைச் சாய்த்து மண்ணில் புதைத்தார்கள். அப்படிப் புதைந்த ஒரு கல்லின் அருகே 1938இல் கிடைத்த எலும்புக்கூட்டுடன், 14ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து நாணயங்கள் இருந்தன. ஒரே மதம், ஒரே நாடு; ஓரிடத்தில் வட்டத்துக்குள் பலிபீடம், இன்னோரிடத்தில் கற்களுக்குக் குழி. மண் தானாகப் பேசியிருந்தால் இரண்டு இடத்திலும் ஒரே பதில் கிடைத்திருக்க வேண்டும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: புனிதம் மனிதர் வைத்ததே என்றால், அது வெறும் கற்பனைதானா? இல்லை. இருவருக்கிடையே உள்ள வாக்குறுதி எந்தத் தாளிலும் குடியிருப்பதில்லை. அதனால் அது பொய்யாகிவிடுமா? கிறித்தவ மரபும் இதற்கு மாறானதல்ல. கடவுள் எங்கும் இருப்பவர் என்றே அது கற்பிக்கிறது. ஆனாலும் ஒரு கட்டடத்தை ஆயர் அர்ப்பணித்த பிறகே தேவாலயம் என்கிறது. நோல்டனில் ஊர் தேய்ந்தது, 18ஆம் நூற்றாண்டில் கூரை விழுந்தது, வழிபாடும் நின்றது. கரை அப்படியே இருந்தும் வழிபாட்டைத் தாங்கிப்பிடிக்கவில்லை.

இன்று அருகிலுள்ள யூ மரங்களில் சிலர் ரிப்பன் கட்டுகிறார்கள். தொன்மையான வழிபாட்டைத் தொடர்கிறோம் என்று அவர்கள் நினைத்தால் அது சரியல்ல. புதிதாக ஒன்றைத் தொடங்குகிறார்கள், அதற்கு அவர்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் தேவாலயத்தை முந்தையவர் வீட்டில் புகுந்த அந்நியனாகப் பார்க்கும் பேச்சு என்னை வருத்துகிறது. பல நூற்றாண்டுகள் அந்தச் சுவர்களுக்குள் மண்டியிட்ட உழவர்கள் யாருடைய தெய்வத்தையும் துரத்தவில்லை. அவர்கள் வந்தபோது வட்டம் வெறுமையாகவே இருந்தது.