படுக்கையைச் சுமந்த நால்வர்

திருக்குடும்பத் திருவிழா மறையுரை



இன்று நாம் கேட்ட முதல் வாசகம் சீராக்கின் ஞானநூலிலிருந்து வந்தது. கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன் எருசலேமில் வாழ்ந்த ஒரு ஞானி எபிரேயத்தில் எழுதியது. அவருடைய பேரன் எகிப்துக்குக் குடிபோன பிறகு, தாத்தா எழுதியதைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தார். அந்தப் பேரன் உழைத்திராவிட்டால் இந்த நூல் திருச்சபையின் கைக்கு வந்திருக்குமா என்பதே சந்தேகம்.

பெற்றோரை மதிக்க வேண்டும் என்று யார்தான் சொல்லவில்லை? ஆனால் சீராக் எந்தத் தந்தையைப் பற்றிப் பேசுகிறார் என்று பாருங்கள். சம்பாதித்துப் போடுகிற தந்தையைப் பற்றி அல்ல. முதுமையில் தளர்ந்துபோன, அறிவு மங்கினாலும் நாம் பொறுத்துக்கொள்ள வேண்டிய தந்தையைப் பற்றி. அவருக்கு உதவு, அவர் மனம் நோகச் செய்யாதே, அந்த இரக்கம் மறக்கப்படாது என்கிறார். நான்காம் கட்டளையின் எடை முழுவதும் அந்த ‘உதவு’ என்ற சொல்லில் இருக்கிறது.

அந்த உதவிக்கு இன்று என்ன விலை என்று உங்களில் சிலருக்குத் தெரியும். சிறுநீரகம் இரண்டும் செயலிழந்தால் டயாலிசிஸ் உண்டு. வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்திருந்து காலத்தைக் கடத்தலாம். கல்லீரல் கெட்டுவிட்டால் அப்படிக் காத்திருக்கவும் வழியில்லை. ஆண்டுக்கணக்கில் அதன் வேலையைச் செய்து தரும் இயந்திரம் இன்னும் இல்லை. மாற்ற வேண்டும் என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து அந்தக் குடும்பத்துக்கு ஒவ்வொரு வாரமும் கணக்கு. தனியார் மருத்துவமனையில் இருபது லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம். கொத்தனார் வேலைக்கும் ஆட்டோ ஓட்டவும் போகிற வீட்டில் இருபது லட்சம் என்பது ஒரு ஆயுளின் கூலி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உயிரோடு இருப்பவர் தம் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுக்கலாம். கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் அது சில மாதங்களில் மீண்டும் வளர்ந்துவிடும். கடவுள் இந்த உடலை அப்படிப் படைத்திருக்கிறார். ஆகவே பல வீடுகளில் மகனோ மகளோ தானே கொடுக்க முன்வருகிறார்கள். அப்போது என்ன நடக்கிறது? தந்தையும் அறுவைச் சிகிச்சைக் கூடத்தில், பிள்ளையும் அறுவைச் சிகிச்சைக் கூடத்தில். அதன் பிறகு இரண்டு மூன்று மாதம் பிள்ளையால் பளு தூக்க முடியாது, வேலைக்குப் போக முடியாது. தாய் இரண்டு படுக்கைகளுக்கும் நடுவே நிற்கிறார். உடலில் ஒரு பகுதியைக் கொடுக்கப் போகிற அதே பிள்ளைதான், அறுவைச் சிகிச்சைக்கு முந்தின நாள் வரை, பணத்துக்காக வீடு வீடாக அலைகிறது.

அப்படி ஒரு மகள் நம் பங்கில் இருக்கிறார். பெயரை நான் சொல்லப் போவதில்லை. தயவுசெய்து நீங்களும் கோவில் வாசலில் நின்று யார் என்று விசாரிக்காதீர்கள். திருவருகைக் காலத்தில் ஒரு மாலை அவர் பங்குப் பணிமனைக்கு வந்தார். பணம் கேட்கவில்லை. “சாமி, ஒரு லெட்டர் மட்டும் குடுங்க, பக்கத்துப் பங்குகள்ல காட்டிக் கேட்டுக்கிறேன்” என்றார்.

பங்கு முத்திரை குத்திய அந்தக் கடிதம் நம்மிடையே நெடுங்காலமாகப் புழங்குகிறது. ‘இவர் நம் பங்கைச் சேர்ந்தவர், உதவி செய்யவும்’ என்று இரண்டு வரி. அதைக் கையில் கொடுத்து அனுப்பினால் நம் கடமை முடிந்தது என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. உண்மையில் அந்தக் கடிதம் சொல்வது, ‘இவர் எங்கள் பிள்ளைதான், ஆனால் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்பதுதான். நம் பங்கிலிருந்து இனி அப்படி ஒரு கடிதம் தனியாகப் போகக் கூடாது.

மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கப்பர்நாகூமில் இயேசு தங்கியிருந்த வீடு. வாசலில்கூட இடமில்லாத கூட்டம். முடக்குவாதமுற்ற ஒருவரை நால்வர் சுமந்து வருகிறார்கள். வழி கிடைக்காததால் கூரையைப் பிரித்து அவரைப் படுக்கையோடு கீழே இறக்குகிறார்கள். இயேசு யாருடைய நம்பிக்கையைக் கண்டார் என்று மாற்கு எழுதுகிறார்? ‘அவர்களுடைய’ நம்பிக்கையை. அந்த நோயாளி வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டதாக நற்செய்தியில் இல்லை. கேட்க வேண்டியதை அவருக்காக நால்வர் தங்கள் தோளினால் கேட்டுவிட்டார்கள். அவர்கள் அவருடைய மக்களா, உறவினரா, தெருக்காரரா என்றும் மாற்கு சொல்லவில்லை. ஒருவர் மட்டும் தூக்கியிருந்தால் அந்தப் படுக்கை கூரைக்கு ஏறியிருக்காது.

பணத்தைவிடப் பெரிய சுமை ஒன்று இருக்கிறது, கேட்கிற சுமை. நேற்றுவரை தலைநிமிர்ந்து நடந்த குடும்பம், இன்று ஒவ்வொரு வாசலிலும் மருத்துவ அறிக்கையை விரித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. நம்மால் ஆயிரமோ ஐந்நூறோதான் தர முடியும் என்றாலும், அவர்களுக்குப் பதிலாக நாம் போய்க் கேட்க முடியும்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழும். திருப்பலி முடிந்து வெளியே போனதும் சிலர் மெதுவாகக் கேட்பீர்கள்: “குடிச்சுக் கெடுத்துக்கிட்டவருக்கு நாம எதுக்குக் கொடுக்கணும்?” மது கல்லீரலைக் கெடுக்கும் என்பது உண்மை, இந்த ஊரில் அது எத்தனை வீடுகளை அழித்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் கல்லீரல் கெட்டவரெல்லாம் குடித்தவர் அல்லர். சர்க்கரை நோயும் உடல் பருமனும் மஞ்சள் காமாலைக் கிருமிகளும் ஒரு சொட்டு மதுகூடத் தொடாதவரின் கல்லீரலையும் சுருக்கிவிடும். சரி, குடித்தவர்தான் என்றே வைத்துக்கொள்வோம். கப்பர்நாகூமில் இயேசு அந்த மனிதருக்கு முதலில் கொடுத்தது சுகத்தை அல்ல, பாவ மன்னிப்பை. அப்படியானால் மன்னிக்க வேண்டிய பாவம் அவரிடம் இருந்தது. அவரைச் சுமந்த நால்வரும் அதை விசாரித்துவிட்டுத் தூக்கவில்லை. குடியை விடச் சொல்ல வேண்டியது நம் கடமை. மருத்துவர்களும் அதைக் கண்டிப்பாகச் சொல்வார்கள். ஆனால் மகள் தன் தந்தைக்காக நிற்கும்போது அவள் முகத்துக்கு நேரே அவருடைய பழைய கணக்கைப் பேசுவது பாவம். அதை நான் பாவம் என்றே சொல்கிறேன்.

நம் மண்ணில் பணம் கேட்பதற்கு மரியாதையான ஒரு வழி உண்டு. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து வைப்பார்கள். பத்திரிகை அடித்து அழைத்து, கறிச்சோறு போட்டு, வந்தவர்கள் வைக்கும் பணத்தை நோட்டில் எழுதி, பிறகு அவரவர் முறை வரும்போது கூட்டித் திருப்பிச் செய்வார்கள். அந்தப் பணத்தில் கிணறு வெட்டியவர்களும் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களும் உண்டு. அங்கே வாங்குகிறவரை யாரும் தாழ்வாக நினைப்பதில்லை. நல்ல வழக்கம். ஆனால் சிகிச்சைக்குக் கொடுக்கும் பணத்தை அந்த நோட்டில் எழுதாதீர்கள். விருந்துக்குத் திருப்பி அழைக்க முடியாதவர்களைக் கூப்பிடுங்கள், அவர்களால் கைம்மாறு செய்ய இயலாது என்பதே உங்கள் பேறு என்று லூக்கா நற்செய்தியின் பதினான்காம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்கிறார். பணம் கொடுத்தோம் என்பதற்காக அந்த வீட்டில் பிள்ளைக்குப் புதுச் சட்டை எடுத்தால் கணக்குக் கேட்பதும், தந்தை இறந்துபோனால் ‘காசெல்லாம் வீண்’ என்று பேசுவதும் கைம்மாறு கேட்பதுதான்.

அடுத்து நான் சொல்வது எனக்கும் பங்குப்பேரவைக்கும் சேர்த்துத்தான். மாற்கு ஏழாம் அதிகாரத்தில் இயேசு கடுமையாகக் கோபப்படுகிறார். பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் ‘கொர்பான்’, அதாவது கடவுளுக்கு நேர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, தாய்க்கும் தந்தைக்கும் ஒன்றும் செய்யாமல் விடுகிற பழக்கத்தைக் கண்டிக்கிறார். யோசித்துப் பாருங்கள்: பெற்றோரின் உணவுக்கும் மருந்துக்கும் போக வேண்டிய பணம் கோவிலுக்கு வருவதை, கோவிலின் ஆண்டவரே ஏற்கவில்லை. மிலான் நகர ஆயராக இருந்த புனித அம்புரோசியார், போரில் பிடிபட்டவர்களை மீட்பதற்காகக் கோவிலின் திருப்பாத்திரங்களை உருக்கினார். அதைக் குறை கூறியவர்களுக்குப் பதில் எழுதவும் அவர் தயங்கவில்லை. நாம் திருப்பாத்திரத்தை உருக்க வேண்டியதில்லை. வருகிற திருவிழாவில் வாணவேடிக்கைக்கு ஒதுக்கும் தொகையை இந்த ஆண்டு சிகிச்சைக்குக் கொடுத்தால் போதும். பங்குப்பேரவையின் அடுத்த கூட்டத்தில் இதை முதல் பொருளாக வைக்கிறேன்.

சேர்க்கிற பணத்துக்குக் கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும். புனித பவுல் எருசலேமின் ஏழைகளுக்காக மாசிதோனியாவிலும் கொரிந்திலும் பணம் திரட்டினார். அந்தப் பெரிய திருத்தூதரே பணத்தைத் தனியாகக் கையாளவில்லை. தீத்துவோடு இன்னும் இரு சகோதரர்களை அனுப்பினார். யாரும் குறை சொல்ல இடம் தரக்கூடாது, கடவுள் முன்னிலையில் மட்டுமல்ல, மனிதர் முன்னிலையிலும் நேர்மையாக இருக்க வேண்டும் என்பது அவர் கவலை. கைப்பேசியில் வரும் படங்களைப் பார்த்துப் பணம் அனுப்பி ஏமாந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். யாரோ ஒருவருடைய படம், யாரோ ஒருவருடைய வங்கி எண். ஆகவே மருத்துவமனை எழுதித் தரும் எஸ்டிமேட்டைப் பார்த்து, மருத்துவமனையின் கணக்கிலேயே செலுத்துவோம். ரசீதைக் குடும்பத்திடம் கொடுப்போம்.

அதற்கு முன் அரசு தருவதைக் கேட்டு வாங்க வேண்டும். அது பிச்சை அல்ல, நம் உரிமை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. உறுப்பு மாற்று சிகிச்சையும் அதில் சேர்ந்திருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ஆட்சியர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பிரதமரின் தேசிய நிவாரண நிதியிலிருந்தும் ஒரு பகுதி கேட்கலாம். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கல்லீரல் மாற்று செய்கிறார்கள். மதுரை இராஜாஜி மருத்துவமனையில் சிறுநீரக மாற்று நடக்கிறது. படித்த இளைஞர்களே, இந்த விண்ணப்பங்களை எழுதுவதும் அலுவலகத்தில் வரிசையில் நிற்பதும் உங்கள் தோள். பணம் இல்லாதவர் கொடுக்கக்கூடிய காணிக்கை இது.

பணம் சேர்ந்துவிட்டால் வேறொரு சோதனை வரும். ‘உறுப்பு ஏற்பாடு செய்கிறேன்’ என்று புரோக்கர் வருவான். 1994ஆம் ஆண்டுச் சட்டம் உறுப்பு விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியிருக்கிறது. சிறை உண்டு, இருபது லட்சத்துக்குக் குறையாத அபராதம் உண்டு. சட்டத்தைவிட நம் மனச்சாட்சிக்கு இது பெரிது. சுனாமியில் எல்லாம் இழந்து சென்னை எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்ட மீனவப் பெண்கள் வறுமையால் சிறுநீரகத்தை விற்ற செய்தி 2007இல் வெளிவந்தது. நம் தந்தையைக் காப்பாற்ற இன்னொரு வீட்டுத் தாயை வெட்டக் கூடாது. திருச்சபை உறுப்பு தானத்தை அன்பின் செயலாகப் போற்றுகிறது, விற்பனையை ஒருபோதும் ஏற்பதில்லை. கேரளத்தில் அருட்தந்தை டேவிஸ் சிறமேல் 2009இல் தம் சிறுநீரகத்தை ஓர் இந்துச் சகோதரருக்குக் கொடுத்தார். பாலா மறைமாவட்டத்தின் துணை ஆயராக இருந்த ஜேக்கப் முரிக்கன் 2016இல் அதையே செய்தார். நம் செங்கல்பட்டுப் பக்கம் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதியர், 2008இல் விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். ஒரு ரூபாய் கைமாறவில்லை.

பெற்றோர்களுக்கு ஒரு சொல். “எனக்கு எதுக்குப்பா இவ்வளவு செலவு, உன் பிள்ளைங்க படிப்பைப் பாரு” என்று நீங்கள் சொல்வீர்கள். அன்பினால்தான் சொல்கிறீர்கள். ஆனாலும் உங்கள் பிள்ளைக்கு நான்காம் கட்டளையைக் கடைப்பிடிக்க ஒரு வாய்ப்புக் கொடுங்கள்.

பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். எல்லா வாசலையும் தட்டியும் பணம் சேராமல் போகலாம். சேர்ந்தும், அறுவைச் சிகிச்சை நடந்தும், தந்தை பிழைக்காமல் போகலாம். தன் சக்திக்கு மீறிய சிகிச்சையைத் தேடியே ஆக வேண்டும் என்று திருச்சபை எவர் மீதும் சுமத்தவில்லை. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957இலேயே இதைத் தெளிவாக்கினார். பணம் இல்லாததால் தந்தையைக் காப்பாற்றவில்லை என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு பாவசங்கீர்த்தனத்தில் அழுகிற பிள்ளைகளே, அது உங்கள் பாவம் அல்ல. அதை அறிக்கையிட வேண்டியதும் இல்லை.

மாற்று சிகிச்சை முடிந்தால் செலவும் முடிந்தது என்று நினைக்காதீர்கள். புது உறுப்பை உடல் விலக்கித் தள்ளாமல் இருக்க, வாழ்நாள் முழுவதும் மாத்திரை சாப்பிட வேண்டும். இரத்தப் பரிசோதனைகள் தொடர வேண்டும். மாத்திரையை நிறுத்தினால் இத்தனை பேர் சேர்த்துக் கொடுத்ததும் போய்விடும். ஆகவே ஒருமுறை பெரிதாகக் கொடுப்பவர்களைவிட, மாதம் இருநூறு ரூபாய் என்று நிலையாகக் கொடுப்பவர்கள்தான் இந்தக் குடும்பத்துக்கு அதிகம் தேவை.

வருகிற ஞாயிறு இரண்டு திருப்பலிகளிலும் எடுக்கும் காணிக்கை முழுவதும் இந்தச் சிகிச்சைக்குப் போகிறது. அன்பியப் பொறுப்பாளர்களும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் இன்று திருப்பலி முடிந்ததும் பங்குப் பணிமனைக்கு வாருங்கள். கணக்கைப் பார்க்க மூன்று பேரையும், அந்த மகளுக்குப் பதிலாகப் பக்கத்துப் பங்குகளுக்குப் போய்க் கேட்க நான்கு பேரையும் இன்றே தேர்ந்தெடுப்போம். அவர் வீட்டில் இருந்து தந்தையைப் பார்த்துக்கொள்ளட்டும்.