சாமவை: அரிய பெயரும் பதிப்பாளர் கடனும்

திருமலைக் கோயிற் கல்வெட்டுகளைத் திருப்பதி தேவஸ்தானம் 1931 முதல் தொகுதிகளாக வெளியிட்டது. அவற்றுள் சாமவை என்னும் பல்லவர்குல அரசியின் கொடையைக் கூறும் கல்வெட்டுகள் உள்ளன. வெள்ளித் திருமேனியொன்றை எழுந்தருளுவித்து, அதன் வழிபாட்டிற்கு நிலமும் அணிகலன்களும் அளித்தவர் இவர். அத்திருமேனி கல்வெட்டில் மணவாளப்பெருமாள். இன்றைய வழக்கில் போக சீனிவாசர்.

அரசிக்குக் காடவன் பெருந்தேவி என்னும் மறுபெயரும் உண்டு. காடவர் என்பது பல்லவர்க்கு வழங்கிய பெயராதலின், மறுபெயர் குடியையும் நிலையையும் உணர்த்துகிறது. அக்குலத்து வேறோர் அரசிக்கும் அது பொருந்தும். சாமவை என்பதோ இவரை மட்டுமே சுட்டி நிற்கிறது.

இத்தகைய அரிய பெயரைப் பழகிய வடிவிற்குத் திருத்திவிடும் விழைவு பதிப்பாளர்க்கு எழுதல் இயல்பு. உரோமானியர் கல்வெட்டுகளிலும் ஒரே ஒருமுறை வரும் இலத்தீன் பெயர்கள் கல்தச்சரின் பிழையோ என ஐயுறப்படுவதுண்டு. தச்சர் பிழை செய்யாதவர் அல்லர். ஆயினும் ஒப்புநோக்க வேறு சான்றில்லாதவிடத்துத் திருத்தம் எதன்மேல் நிற்கும்? சாம, அவ்வை எனப் பிரித்துப் பொருள் காண இடமுண்டு. அது அடிக்குறிப்பிற்கு உரியது. மூலபாடத்தையே ‘சியாமளை’ என மாற்றின், மறுத்துரைக்க இயலாத ஒருவரிடமிருந்து அவர் பெயரைப் பறித்ததாகும். அக்கொடையின் காலத்தைக் கி.பி. 614 என்பாரும் 966 என்பாரும் உளர். காலக்கணிப்பு முந்நூற்றைம்பது ஆண்டு முன்பின்னாக நகர்ந்தபோதும், கல்லில் மாறாதிருப்பது அப்பெயரே.