ஆளுக்கொரு சர்வர் வேண்டாம்

கம்பம், சின்னமனூர், போடி, உத்தமபாளையம் என்று இந்தப் பள்ளத்தாக்கு ஊர்களிலிருந்து படித்துப் போன பிள்ளைகளில் சிலர் இன்று ராணுவத்தின் சிக்னல்ஸ் பிரிவில் இருக்கிறீர்கள். சிலர் விமானப்படையில் தொழில்நுட்ப வேலையில். சிலர் பெங்களூரில், படைகளுக்கு மென்பொருளும் சர்வரும் விற்கிற கம்பெனிகளில் டெண்டர் ஆவணம் தயாரிக்கிறீர்கள். இன்னும் சிலர் கணக்குப் பிரிவிலும் தணிக்கையிலும் உட்கார்ந்து ஃபைலில் கையெழுத்துப் போடுகிறீர்கள். உங்களுக்குத்தான் இது. ஊர்க்காரன் உரிமையோடு சொல்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஏற்கெனவே இருப்பதை இன்னொரு முறை வாங்காதீர்கள். பக்கத்துப் பிரிவோடு சேர்ந்து வாங்கக்கூடியதைத் தனியாக வாங்காதீர்கள். வேறு யாராவது வாங்கக் கிளம்பினால் வாயைத் திறந்து தடுங்கள்.

காசு மிச்சமாகும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. மிச்சமாகும்தான், ஆனால் அது இரண்டாம் பட்சம். 1983-ல் அமெரிக்கப் படைகள் கிரனாடா என்ற சின்னத் தீவில் இறங்கின. உலகத்திலேயே பணக்காரப் படை. தரைப்படையின் ரேடியோவும் கடற்படையின் ரேடியோவும் ஒன்றோடொன்று பேச முடியாமல் திண்டாடின. ஒவ்வொரு படையும் தனக்கென்று பார்த்துப் பார்த்து வாங்கிய கருவிகள் அவை. தனித்தனியே எடுத்துப் பார்த்தால் எதிலும் குறையில்லை. அந்த அனுபவமும் சேர்ந்துதான் 1986-ல் படைகளைக் கூட்டாக இயங்கவைக்கும் சட்டத்தை அங்கே கொண்டுவந்தது.

நம் கதை அதைவிட மெதுவானது. கார்கில் போர் முடிந்ததும் 1999 ஜூலையில் ஆய்வுக் குழு போட்டார்கள். தலைவர் கே. சுப்ரமணியம், திருச்சியில் பிறந்தவர். உளவு அமைப்புகள் தங்களுக்குள் தகவலைப் பகிர்ந்துகொள்ள ஒழுங்கான ஏற்பாடு இல்லை என்று அந்தக் குழு அதே ஆண்டு டிசம்பரிலேயே எழுதிக் கொடுத்துவிட்டது. முப்படைகளுக்கும் பொதுவான தலைமையகம் 2001-ல் வந்தது. முப்படைத் தலைமைத் தளபதி என்ற பதவிக்கு முதல் ஆள் வந்து உட்கார 2020 ஜனவரி ஆகிவிட்டது. மூன்று படைகளையும் ஒரே பாதுகாப்பான வலையில் இணைக்கும் பாதுகாப்புத் தொடர்பு வலையமைப்பு 2016-ல்தான் திறக்கப்பட்டது. நல்ல காரியம், நல்ல ஆட்களும் பாடுபட்டார்கள். ஆனாலும் கார்கிலில் இறந்த பையனின் தங்கை மகன் படையில் சேரும் வயதை எட்டுகிற வேகம் இது.

டெல்லியையும் கிரனாடாவையும் விட்டு நம் மலைக்கு வாருங்கள். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலைப் பக்கமிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கின. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த இரவில் மேலே ஏறியவர்கள் யார் யார் என்று நினைத்துப் பாருங்கள். முதலில் ஓடியவர்கள் குரங்கணி ஊர்க்காரர்களும் தோட்டத் தொழிலாளிகளும். டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். வனத்துறை, காவல்துறை, தீயணைப்பு, வருவாய்த்துறை, ஆம்புலன்ஸ். பிறகு விமானப்படையின் ஹெலிகாப்டர்களும் கருடா கமாண்டோக்களும். இத்தனை பேருக்கும் அந்தச் சரிவில் தேவைப்பட்டது ஒன்றுதான்: யார் எந்தப் பள்ளத்தில் கிடக்கிறார், தீ எந்தப் பக்கம் திரும்புகிறது என்று காட்டும் ஒரே வரைபடம், அதைப் பார்த்துப் பேச ஒரே அலைவரிசை. அந்த மலையில் செல்போன் எங்கே எடுக்கும், எங்கே எடுக்காது, எந்த வளைவில் கேரள டவருக்குத் தாவும் என்பது ஏலத்தோட்டத்துக்குப் போய்வருகிற எல்லாருக்கும் தெரியும். வனக்காவலரின் வாக்கி-டாக்கியும் மேலே வட்டமடிக்கிற ஹெலிகாப்டரின் ரேடியோவும் வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு ஆண்டில் வெவ்வேறு டெண்டரில் வாங்கியவை. அவை ஒன்றோடொன்று பேசுமா என்ற கேள்வியை வாங்குகிற அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். தீ பிடித்த பிறகு கேட்டு என்ன பயன்?

பொதுவில் இருப்பதைப் பயன்படுத்தினால் எவ்வளவு செய்யலாம் என்பதற்கும் அதே காட்டுத்தீயே சாட்சி. நாசாவின் செயற்கைக்கோள்கள் பூமியில் எங்கே சூடு தெறிக்கிறது என்று பார்த்துச் சொல்கின்றன. டெராடூனில் இருக்கும் இந்திய வன அளவை நிறுவனம் அந்தத் தரவை வாங்கி, நம் காடுகளின் எல்லையோடு பொருத்தி, கீழ்மட்ட வன அலுவலர் வரை செல்போனில் எச்சரிக்கை அனுப்புகிறது. பெயர் பதிந்துகொண்டால் உங்களுக்கும் எனக்கும்கூட வரும். இதற்காக எந்த மாநிலமும் தனியாகச் செயற்கைக்கோள் விடவில்லை. இப்படி ஒரு சேவை கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும்போது, ‘எங்களுக்கென்று தனியாக ஒரு தீ கண்காணிப்பு மென்பொருள்’ என்று ஒரு ஃபைல் மேசைக்கு வந்தால், அதைத் திருப்பி அனுப்பும் தைரியம் உங்களுக்கு வேண்டும்.

“பொதுவில் வைத்தால் ரகசியம் போய்விடும்” என்பார்கள். படைகளின் கொள்முதலில் இதைவிட வலுவான ஆயுதம் கிடையாது. இந்த ஒரு சொல்லைச் சொன்னால் எதிரில் இருக்கிற அதிகாரி வாயை மூடிக்கொள்வார். இதற்குப் பதில் போடியில் இருக்கிறது.

நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் மின்னணு ஏல மையத்துக்கு ஒரு தடவையாவது போயிருப்பீர்கள். கூடமும் கம்ப்யூட்டர்களும் ஏல மென்பொருளும் வாரியத்துடையவை. உரிமம் பெற்ற ஏல நிறுவனங்கள் பல. முறை வைத்து அதே கூடத்தில் ஏலம் நடத்துகின்றன. வியாபாரிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மாதிரிக் காய் கைக்கு வரும். ஒருவர் உள்ளங்கையில் கொட்டி உருட்டிப் பார்த்து எட்டு எம்எம் தேறுமா என்று கணக்குப் போடுவார். இன்னொருவர் தோலை உரித்து அரிசி கறுப்பாக, பிசுபிசுப்பாக இருக்கிறதா என்று பார்ப்பார். முகத்தில் ஒன்றும் தெரியாது. திரையில் விலை ஏறும், விரல் பொத்தானைத் தட்டும். பக்கத்து நாற்காலியில் இருப்பவர் பரம எதிரி. அவர் எந்த விலையில் நிறுத்துவார் என்று இவருக்குத் தெரியாது, இவர் கணக்கு அவருக்குத் தெரியாது. கூடம் ஒன்று, கம்பி ஒன்று, மென்பொருள் ஒன்று. ரகசியம் மட்டும் அவரவரிடம். 2021-ல் இதையே கிளவுடுக்கு மாற்றி, போடியில் உட்கார்ந்தவரும் மலைக்கு அந்தப் பக்கம் புத்தடியில் உட்கார்ந்தவரும் ஒரே நேரத்தில் கேட்கும்படி செய்தார்கள்.

ஒரே சரக்குக்கு அடித்துக்கொள்கிற வியாபாரிகளே ஒரே கூரையின் கீழ் ரகசியம் காக்கும்போது, ஒரே கொடிக்குச் சல்யூட் அடிக்கிற மூன்று படைகளால் முடியாதா? தரவு மையம், கண்ணாடி இழை, மின்னஞ்சல், ஆள் அடையாளம் சரிபார்க்கும் முறை, வரைபட அடுக்கு, சேமிப்பு: இவை அடித்தளம். இதில் தரைப்படைக்கு ஒன்று, கடற்படைக்கு ஒன்று என்ற பேச்சுக்கே இடமில்லை. அதன் மேல் ஓடுகிற போர்த்திட்டம், இலக்குத் தேர்வு, யாருக்கு எது தெரியலாம் என்ற வரம்பு, இவை அவரவர் பூட்டு. நிஜமாகவே தனியாக இருக்க வேண்டியவையும் உண்டு. கடற்படைக்கு 2013-ல் ஜிசாட்-7, விமானப்படைக்கு 2018-ல் ஜிசாட்-7ஏ என்று செயற்கைக்கோள் தனித்தனியாகப் போனதைக் குறை சொல்ல மாட்டேன். நடுக்கடல் கப்பலின் தேவை வேறு, பறக்கிற விமானத்தின் தேவை வேறு. நீர்மூழ்கிக் கப்பலோடு பேசும் முறையைக் கொண்டுபோய் எல்லாருக்குமான மின்னஞ்சலோடு கட்டச் சொல்கிற பைத்தியக்காரன் யாருமில்லை. தனி வேண்டும் என்கிறவர் அதற்கான காரணத்தை எழுத்தில் வைக்கட்டும். பழக்கதோஷம் காரணமாகாது.

இன்னொரு பயம் நியாயமானது: எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்தால் எதிரி ஒரே அடியில் சாய்த்துவிடுவானே? அடிப்பான். அதனால்தான் பொதுத் தளம் என்றால் ஒரே கட்டடம், ஒரே கம்பெனி என்று புரிந்துகொள்ளக் கூடாது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை படைகளுக்கான கிளவுட் ஒப்பந்தம் முழுவதையும் 2019-ல் ஒரே நிறுவனத்துக்குக் கொடுத்தது. வழக்கு மேல் வழக்கு; 2021 ஜூலையில் ரத்து. அடுத்த ஆண்டு டிசம்பரில் கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட், ஆரக்கிள் என நான்குக்குமாகப் பிரித்துக் கொடுத்தார்கள். அந்தப் பாடத்தைக் காசு கொடுக்காமல் நாம் எடுத்துக்கொள்ளலாம். தரவு மையம் இரண்டு ஊரிலாவது இருக்கட்டும். கேபிள் வளையமாகப் போகட்டும். ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கம் ஓட வேண்டும். ஒரு கம்பெனியிடமிருந்து இன்னொரு கம்பெனிக்கு மாறும் வழி ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும், நம் தரவு நம் கைக்கே முழுதாகத் திரும்பி வரும் என்ற வரியோடு.

தாமதத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். பொதுத் தளத்தின் பெயரைக் கெடுப்பது அதுதான். படைகள் கையில் வைத்திருந்த அலைக்கற்றையை செல்போன் சேவைக்கு விட்டுக்கொடுக்க, பதிலுக்கு பிஎஸ்என்எல் படைகளுக்கென்று தனிக் கண்ணாடி இழை வலை போட்டுத் தரும் என்பது திட்டம். மூன்று படைக்கும் சேர்த்து ஒரே வலை, அருமையான யோசனை. 2012 ஜூலையில் இதற்கு 13,334 கோடி ரூபாய் ஒப்புதல். 2018 மேயில் மத்திய அமைச்சரவை மேலும் 11,330 கோடி கூட்டி, முடிக்க இன்னும் 24 மாதம் கொடுத்தது. ஆறு ஆண்டு என்பது செல்போன் உலகத்தில் ஒரு தலைமுறை. இப்படி இழுத்தடித்தால் யூனிட்டில் இருக்கிற கமாண்டர் என்ன செய்வார்? பொதுவானது வந்து சேராது என்று முடிவுகட்டி, தன் அதிகார வரம்புக்குள் கிடைக்கிற பணத்தில் சின்னதாக ஒன்று வாங்கிக்கொள்வார். அவரைக் குற்றம் சொல்லாதீர்கள். பொதுத் தளத்தை நடத்துகிறவர்களே, நீங்கள்தான் திருந்த வேண்டும். பத்தாண்டுத் திட்டமாகப் போடாமல், ஆறு மாதத்தில் ஒரு துண்டு ஓடட்டும்; ஓடுகிற துண்டைப் பார்த்து அடுத்ததற்குப் பணம் கொடுங்கள். பெட்டியை விலைக்கு வாங்கி அறையில் அடுக்கிவிட்டு, மூன்றாம் வருடம் பராமரிப்பு ஒப்பந்தம் (ஏஎம்சி) முடிந்ததும் துணி போட்டு மூடுகிற வழக்கத்தை விடுங்கள். சேவையாக வாங்குங்கள். எத்தனை மணி நேரம் ஓடியதோ அதற்குப் பணம், நின்றால் பிடித்தம்.

விவரக்குறிப்பு எழுதுகிற தம்பிகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. எந்தக் கம்பெனிக்கு டெண்டர் போய்ச் சேர வேண்டுமோ அந்தக் கம்பெனியின் விளம்பரத் தாளை எடுத்து, உயரம் இவ்வளவு, எடை இவ்வளவு, பின்பக்கம் இத்தனை துளை என்று எழுத்துப் பிசகாமல் இறக்குகிறீர்களே, அது தேசத் துரோகத்துக்குப் பக்கத்து வீடு. இன்னதைச் செய்ய வேண்டும், இன்ன வேகத்தில், மற்ற இரு படைகளின் கருவியோடும் பேச வேண்டும், அந்தப் பேச்சு முறை யாருக்கும் திறந்ததாக இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். துளை எத்தனை என்பது விற்கிறவன் கவலை. மார்ச் கடைசி வாரத்தில் மிச்சப் பணத்தைத் தீர்க்க டேப்லெட்டும் பிரிண்டரும் வாங்குகிறவர்களிடம் தனியாகப் பேச எனக்குப் பொறுமை இல்லை. பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். ஆகாயம் இடிந்து விழாது.

இதெல்லாம் மேலே இருக்கிறவர்கள் முடிவு, நான் சின்ன ஆள் என்று ஒதுங்காதீர்கள். தரைப்படையும் கடற்படையும் விமானப்படையும் ஒரே தளபதியின் கீழ் இயங்கும் கூட்டுக் கட்டளையகங்களுக்கான ஏற்பாடுகள் நடந்துகொண்டிருக்கின்றன. கூட்டு அமைப்புகளின் தளபதிக்கு மூன்று படையினர் மீதும் அதிகாரம் தரும் சட்டம் 2023-லேயே வந்துவிட்டது. இந்த ஓரிரு ஆண்டில் கையெழுத்தாகிற ஒப்பந்தங்கள் அடுத்த பதினைந்து ஆண்டுக்குக் கட்டிப்போடும். ஆகவே அடுத்த டெண்டர் வரும்போது, விலை கேட்பதற்கு முந்தைய கூட்டத்துக்குப் போங்கள். விற்கிற கம்பெனியின் ஆளாகப் போனாலும் சரி, வாங்குகிற பிரிவின் ஆளாகப் போனாலும் சரி. இரண்டு கேள்வியை எழுத்தில் கொடுங்கள். இந்த வேலையைச் செய்கிற ஒன்று மற்ற இரண்டு படையில் யாரிடமாவது இப்போது ஓடுகிறதா? ஓடினால், அதையே நமக்கும் நீட்டிக்க என்ன செலவு ஆகும்? எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும், அந்தப் பதில் ஃபைலில் ஏறும், பிறகு தணிக்கைக்காரர் கண்ணில் படும். பதில் வராமல் அந்த ஃபைலில் கையெழுத்துப் போடாதீர்கள்.